கரண்டு வந்தால் ஓடுகிறவள்

போன கரண்டு திரும்பி வந்தால் ஊரில் எல்லோருக்கும் முகம் மலரும். மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் கிழவர்கள்கூட குழந்தைகள் மாதிரி ‘வந்துடுச்சு’ என்று ஒரு சத்தம் போடுவார்கள். எங்கள் இல்லத்தில் ஒருத்தி மட்டும் அந்த நேரத்தில் சிரிக்க மாட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வராந்தாவில் ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டிக்கொண்டு ஓடுவாள். அவள் பெயர் சாராள்.

நான் சதாசிவம். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர் பஸ்களை நேரத்துக்குக் கிளப்புகிற வேலையில் ஆயுளைக் கழித்தவன். டிரைவர்களைத் திட்டித் திட்டி எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவி போன பிறகு இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தேன். அப்போது இல்லம் சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி இருந்தது. சுனாமிக்குப் பிறகு புதுப்பட்டினத்தில் ரோட்டுக்கு மேற்கே வேறு கட்டடத்துக்கு மாறினோம். இரண்டு இடத்திலும் எங்களை மேய்க்கிற பொறுப்பு சாராளுக்குத்தான். வயதில் எனக்குத் தங்கை மாதிரி, அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மரியாதை போதவில்லை என்று நினைக்கிறவர்கள் சாராளிடமே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும், நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு, கொளவாய் ஏரிப் பக்கம். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் ஆயாவாக இருந்தாள். அந்த வார்டைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். நான்தான் ஒரு நாள் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். “ஏம்மா, கரண்டு வந்தா உனக்கு என்ன கேடு? எதுக்கு இப்படி ஓடுறே?” என்று கேட்டேன். அவள் மாத்திரைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“வார்டுக்கு ஒரு பாட்டியம்மாவ தூக்கினு வந்தாங்க சார். குளிக்கறதுக்கு பக்கெட்டுல தண்ணி காயவெக்கற ராடு போட்டுக்கீறாங்க. கரண்டு பூட்ச்சு. சரி, அப்புறம் குளிச்சிக்கலாம்னு ராட எடுத்து கட்டில்மேல வெச்சுட்டாங்க. சுவிச்ச அணைக்கல. கரண்டே இல்லியே, இன்னாத்த அணைக்கறதுன்னு நெனச்சிருப்பாங்க. அப்டியே கொஞ்சம் படுத்துக்கலாம்னு பக்கத்துலயே சாஞ்சிட்டாங்க. அப்பால கரண்டு வந்துச்சு.”

சொல்லிவிட்டு மாத்திரைப் பெட்டியை மறுபடி திறந்தாள். அன்றிலிருந்து அவள் ஓடும்போது கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

வெந்நீர் என்பது வயதானவர்களுக்கு என்ன என்று சின்ன வயதுக்காரர்களுக்குப் புரியாது. மார்கழிக் காற்று கடலிலிருந்து அடிக்கும்போது முட்டி ரெண்டும் எங்களுடையது இல்லை. அதனால் ஆளாளுக்கு அறையில் ஒரு ராடு ஒளித்து வைத்திருப்போம். சாராள் வந்த புதிதில் எல்லா ராடையும் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியதோடு விட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். சமையலறைக்குப் பின்னால் பெரிய பாய்லர் ஒன்று வைக்கச் சொல்லி, இல்லத்தை நடத்துகிற டிரஸ்ட்டைப் பிடுங்கி எடுத்தாள். இந்தப் பக்கம் சவுக்கு விறகுக்கா பஞ்சம்? விடிவதற்குள் ஒவ்வொரு அறை வாசலுக்கும் ஒரு வாளி வெந்நீர் வந்துவிடும். யாருக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். அதன் பிறகு ராடு வேண்டும் என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

இரண்டாயிரத்து எட்டில் கரண்டு கட் ஆரம்பித்தது. பகலில் போகும், வரும், மறுபடி போகும். தமிழ்நாட்டுக்கே அது பேஜாரு பிடித்த வருஷம். சாராள் எத்தனை தரம்தான் ஓடுவாள்? அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் ஒரு வேலை செய்தாள். கரண்டு போனதும் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். எதிரே மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டால் ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எங்களுக்கு வராது. அவள் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எது எது சொருகியிருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் மெயினை ஏற்றுவாள்.

அதுவரை நாங்கள் ஹாலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஹரிகிருஷ்ணன் என்று ஒருவர், மின்நிலையத்திலேயே ஓய்வு பெற்றவர், கிரிக்கெட் பைத்தியம். “ஊருக்கெல்லாம் கரண்டு தயார் பண்ணிக் கொடுத்தவன் நான். எனக்குக் கரண்டு வேணும்னா சாராள் மனசு வைக்கணும்” என்று புலம்புவார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம்தான் வசுமதி மாமியின் விவகாரம் வந்தது.

மாமிக்கு எண்பதை நெருங்கும் வயது. பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு வீட்டையும் காலி செய்துவிட்டு வந்தவர். தம்பி மகன் ஷ்யாம் ஒருவன்தான் உறவு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாமிக்கு மடி ஆசாரம் ரொம்ப அதிகம். விடிவதற்கு முன் குளித்து, அன்று உடுத்த வேண்டிய புடவையை முந்தின நாளே தன் கையால் நனைத்துப் பிழிந்து, உத்தரத்தில் தொங்கும் மூங்கில் கொடியில் குச்சியால் தூக்கிப் போடுவார். அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. உடுத்திய பிறகு பூஜை முடியும்வரை அவரையும் தொடக் கூடாது. அவர் அறைக்குள் யாரும் போவதில்லை, அவரும் யார் அறைக்குள்ளும் காலை வைத்ததில்லை. மற்றவர் படுத்த படுக்கை, உடுத்திக் கழற்றிய துணி என்றால் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்து போவார். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது, மறைக்காமலே சொல்கிறேன். பிறகு பழகிவிட்டது. இந்த வயதில் ஒரு மனுஷிக்குத் தன்னுடையது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு ஒழுங்குதான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் கஷ்டம். கடற்கரை மழை, உப்புக் காற்று, பருத்திப் புடவை மூன்று நாள் ஆனாலும் காயாது. மாமி அந்த ஈரத்தையே சுற்றிக்கொண்டு பூஜையில் உட்காருவார். இருமல் ஹால்வரை கேட்கும். “பட்டு உடுத்திக்கலாமே மாமி, அது மடிதானே?” என்று கேட்டேன். “அவர் போனப்புறம் பட்டு வேண்டாம்னு விட்டுட்டேன்” என்றார்.

அந்த இருமலை ஷ்யாம் போனில் கேட்டிருக்கிறான். நல்ல பையன்தான். பெங்களூர் போனபோது ஒரு ரூம் ஹீட்டர் வாங்கி வந்து, அட்டைப் பெட்டியோடு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். செங்கல்பட்டு ஜில்லாவில் ரூம் ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமி அதைத் தன் குளிருக்கு வைத்துக்கொள்ளவில்லை. கொடிக்கு நேர் கீழே வைத்துப் புடவையைக் காய வைத்தார்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. முந்தின வருஷம் புதிதாக வந்த ஒருவர் திருட்டுத்தனமாக ராடு போட்டு, வாளி உருகி, பாய் கொஞ்சம் எரிந்துவிட்டது. அதன் பிறகு டிரஸ்ட் செயலாளர் ராமானுஜம் ஒரு சட்டம் போட்டிருந்தார். அறையில் ஹீட்டர் எது இருந்தாலும் அந்த ஆள் இல்லத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். மாமிக்கும் அது தெரியும்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம். ராமானுஜம் ஏதோ கூட்டத்துக்கு வந்திருந்தார். காலையிலேயே கரண்டு போயிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மாவு மில் சத்தம் கேட்டது. சாராள் எழுந்தாள்.

“மெயினைப் போடும்மா, வேர்க்குது” என்றார் ராமானுஜம்.

“ரூமெல்லாம் பாத்துட்டு வந்துடறேன் சார்.”

“இது ஒரு பெரிய சடங்காப் போச்சு. நானும் வரேன், நடங்க” என்று அவரும் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

மாமியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வழக்கமாகத் திறந்து வைத்துவிட்டு, “ஒண்ணும் சொருகலை சாராள்” என்று மாமியே உள்ளிருந்து சொல்வார். அன்று மாமி எங்களுக்குப் பின்னால் ஹாலிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். “உள்ள வராதீங்கோ, மடி உலர்த்தியிருக்கேன்” என்றார். சாராள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளினாள்.

காற்றில் கொடி சாய்ந்து, புடவை வழுக்கி விழுந்திருந்தது. விழுந்த இடம் அந்த ஹீட்டரின் மேல். கம்பிகளை முழுக்க மூடிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டில், கட்டிலில் பஞ்சு மெத்தை. சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ராமானுஜம் சொன்ன நேரத்துக்கு மெயினை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாராள் நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். புடவையைத் தொடவில்லை. திரும்பி, “மாமி, நீங்களே வந்து புடவைய எடுத்துக்கங்க. அப்பால நான் இத தூக்கறேன்” என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஞாபகம் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

ராமானுஜம் கெட்டவர் இல்லை. ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தார். “மாமி, ஷ்யாமுக்குப் போன் பண்ணுங்க. இந்த வாரமே ஏற்பாடு பண்ணிக்கோங்க” என்றார்.

“அவன் ஆபீஸ் பசங்க நாலு பேரோட ஒரே வீட்ல இருக்கான். நான் அங்க எப்படிப் போய் இருப்பேன்?” என்றார் மாமி. ஈரப் புடவையை நெஞ்சோடு பிடித்திருந்தார். “எனக்கு வேற இடம் இல்லை. இங்கேயே இருந்துட்டுப் போயிடறேன்.”

“எனக்கு மட்டும் ஆசையா? இருக்கறவா அத்தனை பேரும் வயசானவா. ஒரு உயிர் போனா யார் பதில் சொல்றது?”

சாராள் ஹீட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் வழிமறித்த மாதிரி நின்றாள்.

“சார், நீங்க சொன்னா மாமி பூடுவாங்க. நாளைக்கி நான் கதவ தட்டுனா எவங்க தொறப்பாங்க? அல்லாரும் ஒளிச்சி வெப்பாங்க. ஒளிச்சி வெச்சத நான் எங்க போயி தேடறது? இந்த மாமிக்கி புடவ காயணும், அதான் விசயம். அதுக்கு வழி பண்ணாம இத்த மட்டும் புடுங்கினா வேற ஒன்னு வரும். எனக்கு ஒரு வாரம் குடுங்க.”

“வழி பண்ணின பிறகும் இப்படி நடந்தா?”

“இந்த வூட்ல ஒரு துணி கருகுனாலும் மாமிய அனுப்புங்க. அவங்க கூடவே என்னையும் அனுப்புங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அவளுக்கும் வேறு இடம் கிடையாது. புருஷன் லாரியோடு போனவன் திரும்பி வரவே இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், இல்லத்துச் சமையலறைக்குப் பக்கத்து அறைதான் அவள் வீடு. அதையெல்லாம் தெரிந்துதான் சொன்னாள். ராமானுஜம் குடையை எடுத்துக்கொண்டார். “சரி. சொன்னது சொன்னதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் எதற்கு? மூன்றே நாளில் முடித்தாள். பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம் விறகு அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. பாய்லர் எரிந்தால் அந்தச் செங்கல் சுவர் பகல் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். சமையல்கார கன்னியம்மாவும் அவளுமாக விறகையெல்லாம் வெளியே தகரக் கொட்டகைக்கு மாற்றி, தரையைக் கழுவி, புதுசாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரை ஒட்டாமல் தள்ளி மூங்கில் கொடி கட்டினாள். காற்று போய் வர ஜன்னலை அகலப்படுத்தினாள். பூட்டு வாங்கி, சாவியை ஒரு தாம்பாளத்தில் வைத்து மாமி வாசலில் கொண்டு வந்து வைத்தாள்.

மாமி லேசில் ஒத்துக்கொள்வாரா? செருப்புக் கால் படுமே, ஈர விறகு வைத்த இடமாச்சே, வெங்காய வாசனை வருமே என்று ஆயிரம் கேள்வி. சாராள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள், எங்களிடம் ஒரு நாளும் காட்டாத பொறுமை. கடைசியில், “சாவி உங்களாண்டயே இருக்கட்டும் மாமி. நான் உள்ள வர மாட்டேன். ஜன்னலாண்ட நின்னு பாத்துக்குவேன், அவ்ளோதான்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமி அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது கையில் மொடமொடவென்று காய்ந்த புடவை. அதைக் கன்னத்தில் ஒரு தரம் வைத்துப் பார்த்தார். நாங்கள் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் சட்டென்று மடித்துக்கொண்டார். அந்த மழைக்காலத்தில் இருமலும் குறைந்தது. ஷ்யாம் வந்து ஹீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். சாராள் அவனைத் திட்டவில்லை. “நல்ல மனசோடதான் வாங்கியாந்த தம்பி. அடுத்த தபா வர்றப்ப என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கு” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் இந்தப் பக்கம் சிக்குன்குன்யா வீட்டுக்கு வீடு வந்தது. அது சாராளைப் பிடித்துவிட்டது. காய்ச்சல் விட்டும் மூட்டு வலி விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியாமல் படுத்த படுக்கையானாள். கன்னியம்மா கஞ்சி வைத்துக் கொடுப்பாள். அவள் படுத்த பிறகுதான் இல்லத்தில் எத்தனை வேலை தானாக நடந்துகொண்டிருந்தது என்று எங்களுக்கு உறைத்தது.

அப்படி ஒரு நாள் முற்பகலில் கரண்டு போனது. மெயினை இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எல்லோரும் ஹாலுக்கு வந்து விசிறிமட்டையை வைத்துக்கொண்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம். மாமி பூஜைக்குப் பூத் தொடுத்துக்கொண்டு, யார்மேலும் படாமல், தன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றைய மடிப் புடவை உடுத்தியிருந்தார்.

கரண்டு வந்தது. மின்விசிறி சுற்றியது. டிவியில் கிரிக்கெட் தெரிந்தது. ஹரிகிருஷ்ணன் கைதட்டினார். நானும் ‘அப்பாடா’ என்று காலை நீட்டினேன்.

பூக்கூடை கீழே விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமி எழுந்துவிட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். ஓட்டம் என்றால் எண்பது வயது ஓட்டம்தான், சுவரைத் தொட்டுத் தொட்டுத் தள்ளாடிக்கொண்டு. ஆனாலும் நான் எழுந்து பின்னால் போவதற்குள் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டார். இதுவரை யார் அறை வாசலையும் மிதிக்காதவர் ஒவ்வொரு கதவாகத் தள்ளி உள்ளே போனார். என் அறைக்குள்ளும் போனார். நான் கழற்றிப் போட்டிருந்த பனியனை ஒதுக்கித் தள்ளிவிட்டு அதன் பின்னால் இருந்த சுவிட்சைப் பார்த்தார்.

ஹரிகிருஷ்ணன் அறையில் கட்டில்மேல் அவர் வேட்டி விரித்திருந்தது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்தபடி இருந்தது. தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போயிருக்கிறது, மனுஷன் அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டார். பெட்டியில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமி மெத்தைமேல் முட்டி போட்டு ஏறி, அந்தப் பக்கத்துச் சுவருக்குக் கையை எட்டி பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பெட்டியைத் தூக்கி நிமிர்த்தித் தரையில் வைத்தார். வேட்டியைத் தடவிப் பார்த்தார். சுட்டது, ஆனால் கருகவில்லை. “கருகலை சதாசிவம், நீங்களும் பாருங்கோ” என்று எனக்குக் காட்டினார். ‘ஒரு துணி கருகுனாலும்’ என்று சாராள் ராமானுஜத்திடம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமி கையோடு மிச்ச அறைகளையும் பார்த்து முடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

பிறகு நேராக சாராளின் அறைக்குப் போனார். சாராள் சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்திருந்தாள். மாமி அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

“எல்லா ரூமும் பாத்துட்டேன். நீ படு.”

சாராள் தன் தோளில் இருந்த கையையும் மாமி கட்டியிருந்த புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இன்னா மாமி, மடியோட அல்லாரு ரூமுக்கும் போனீங்களா? என்னையும் தொட்டுட்டீங்களே” என்றாள்.

“போகட்டும் போ. பாய்லர்ல இன்னொரு வாளி வெந்நீர் இருக்குமா? மறுபடி குளிக்கணும்.”

“வெந்நீரு கீது மாமி. கன்னியம்மா குடுக்கும்” என்றாள் சாராள். அவள் கண் நிறைந்துவிட்டது. என் கண்ணும்தான். ஆனால் அவள் சாராள் இல்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். “சுவிச்ச மட்டும் அணைச்சீங்களா, பிளக்க புடுங்குனீங்களா?”

“பிளக்கையே பிடுங்கிட்டேண்டி, படு பேசாம” என்றார் மாமி.

நான் சமையலறைக்குப் போய் வாளியை வாங்கிக்கொண்டேன். மாமியின் வாசலில் வைத்துவிட்டு, திரும்பி வருகிற வழியில் மெயின் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.